மூலையை விட்டுக்கொடுத்த கோபுரம்: நியூயார்க் சிட்டிகார்ப் சென்டர்

நியூயார்க்கில், மன்ஹாட்டனின் லெக்சிங்டன் அவென்யூவும் 53ஆவது தெருவும் சந்திக்கும் இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், யாருக்கும் முதலில் தோன்றுவது 'இது எப்படி நிற்கிறது?' என்பதுதான். 59 மாடி, 915 அடி. அலுமினியமும் கண்ணாடியும் பட்டை பட்டையாகப் போர்த்திய சதுரக் கோபுரம், உச்சி மட்டும் உளி வைத்துச் சீவியது போல 45 டிகிரி சாய்வு. அதெல்லாம் சரி, ஆனால் மூலைகளுக்குக் கீழே ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. தூண்கள் நாலு இருக்கின்றன, ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒன்றாக. நாற்காலியின் கால்களை மூலைகளிலிருந்து பிடுங்கி பக்கங்களின் நடுவில் அடித்தால் எப்படி இருக்கும், அப்படி.

1977 அக்டோபரில் திறந்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், ஊழியர்கள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, ராத்திரி ராத்திரியாக உள்ளே வெல்டிங் நடந்தது. ஒரு பெரிய புயல் வந்தால் கட்டடம் விழுந்துவிடும் என்று அதற்குக் கணக்குப் போட்ட பொறியாளரே நம்பினார். விஷயம் பொதுமக்களுக்குத் தெரிய 17 ஆண்டு ஆனது. பொறியியல் நெறிமுறை வகுப்புகளில் இதைத்தான் பாடமாக வைக்கிறார்கள், தவறை ஒப்புக்கொண்ட நேர்மையான மனிதரின் கதையாக.

நான் அந்தப் பக்கமிருந்து தொடங்கவில்லை. எனக்கு இந்தக் கட்டடத்தில் பிடித்ததும், கொஞ்சம் பயமுறுத்துவதும் வேறு. இதில் உள்ள ஒவ்வொரு விநோதமும் அதற்கு முந்தைய ஒரு நியாயமான முடிவிலிருந்து வந்தது. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எதுவும் முட்டாள்தனம் இல்லை. ஆளாளுக்குத் தன் பங்குச் சுமையை அடுத்தவர் தோளுக்கு மாற்றிக்கொண்டே போனார்கள், கடைசியில் அது சில போல்ட்டுகளின் தலையில் வந்து இறங்கியது. அதனால் கதையை நிலப் பேரத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

சர்ச் விற்காத மூலை

லெக்சிங்டனுக்கும் மூன்றாம் அவென்யூவுக்கும் நடுவே, 53, 54ஆம் தெருக்களுக்கு இடையில் ஒரு முழுத் தொகுதி. அதை வங்கி (அப்போது ஃபர்ஸ்ட் நேஷனல் சிட்டி பேங்க், பிறகுதான் சிட்டிபேங்க்) துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தது. வடமேற்கு மூலையில், 54ஆம் தெருப் பக்கம், செயின்ட் பீட்டர்ஸ் லுத்தரன் சர்ச். 1900களின் தொடக்கத்தில் கட்டிய கோதிக் பாணிக் கட்டடம். சபைக்குப் பணம் தேவைப்பட்டது, ஆனால் ஊரை விட்டுப் போக மனமில்லை.

கடைசியில் ஒத்துக்கொண்ட நிபந்தனைதான் இந்தக் கட்டடத்தின் ஜாதகத்தையே எழுதியது. பழைய சர்ச்சை இடித்துக்கொள்ளலாம், மேலே கட்டும் உரிமையையும் எடுத்துக்கொள்ளலாம் (நியூயார்க்கில் நிலத்தைப் போலவே அதற்கு மேலே விதி அனுமதிக்கும் உயரத்தையும் விற்க முடியும்), ஆனால் அதே மூலையில் புது சர்ச் ஒன்று கட்டித் தர வேண்டும். அது கோபுரத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்க வேண்டும். கோபுரத்தின் தூண் எதுவும் அதற்குள்ளே இறங்கக் கூடாது.

சபையின் இடத்தில் யார் இருந்திருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பார்கள். வங்கிக்காரர்களின் மாடிக்குக் கீழே, அவர்கள் தூணைச் சுற்றி உட்கார்ந்து ஜெபம் பண்ண யாருக்குப் பிடிக்கும்? ஆனால் சதுரமான ஒரு கோபுரத்துக்கு ஒரு மூலையில் தூண் வைக்க முடியாது என்றால், வரைபடத்தில் உட்காரும் ஆளுக்குத் தலைவலி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

தூண் நகர்ந்தது, மற்றதெல்லாம் பின்னால் வந்தது

கட்டடக் கலைஞர் ஹ்யூ ஸ்டபின்ஸ். கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெஷரர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் நிறுவனம் வைத்திருந்தவர், துறையில் நல்ல பெயர். ஒரு மூலையில் தூண் கூடாது என்றால் நாலு மூலையிலுமே வேண்டாம், எல்லாவற்றையும் பக்கங்களின் நடுவுக்குக் கொண்டு போய்விடலாம் என்றார்கள். சுமார் 114 அடி உயரத்தில் நாலு தூண், நடுவே லிஃப்ட் ஓடும் தண்டு, அதற்கு மேலேதான் அலுவலக மாடிகள் தொடங்கும். கீழே திறந்த வெளி, சர்ச்சுக்கு வெளிச்சம். அழகான தீர்வு, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் எடை என்பது மூலையில் தூண் இல்லை என்பதற்காக மூலையில் இல்லாமல் போய்விடாது. அந்த மாடிகளின் மூலைப் பாரத்தை யாராவது நடுவுக்கு இழுத்து வர வேண்டும். அதற்கு லெமெஷரர் போட்டது 'வி' வடிவச் சட்டங்கள். எட்டு மாடிக்கு ஒரு பெரிய 'வி', மேல் முனைகள் இரண்டு மூலைகளிலும், கீழ் நுனி நடுத்தூணிலும் இருக்கும். மூலையின் பாரம் சாய்வாக ஓடி நடுத்தூணில் இறங்கிவிடும். ஒரு பக்கத்துக்கு ஆறு அடுக்கு, நாலு பக்கம், ஒவ்வொரு 'வி'க்கும் இரண்டு கை, ஆக 48 சாய்சட்டங்கள். பாரத்தைச் சுமப்பதும் காற்றைத் தாங்குவதும் இதே சட்டங்கள்தான். அவருக்கு இதில் ஏகப்பட்ட பெருமை, அவை வெளியே தெரியும்படி விட வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டாராம். ஸ்டபின்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாம் அலுமினியத் தோலுக்குள் மறைந்துவிட்டன.

இந்த ஏற்பாட்டில் எஃகு மிச்சம். எஃகு குறைந்தால் கட்டடம் லேசு. லேசான உயரக் கட்டடம் காற்றுக்கு அதிகம் ஆடும், விழும் ஆபத்தால் அல்ல, மேல் மாடியில் இருப்பவருக்கு வயிற்றைப் புரட்டும் அளவுக்கு. சரி, அதற்கும் ஒரு வழி. உச்சியில் 400 டன் கான்கிரீட் கட்டி ஒன்றை எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கவிட்டு, ஸ்பிரிங்குகளோடு இணைத்தார்கள். கட்டடம் இந்தப் பக்கம் போனால் கட்டி பின்தங்கும், அந்தப் பின்தங்கல் ஆட்டத்தின் வேகத்தை விழுங்கும். டியூன்ட் மாஸ் டேம்பர் என்று பெயர். ஆட்டம் சுமார் பாதியாகக் குறையும். அமெரிக்காவின் பெரிய கோபுரங்களில் இதை முதலில் போட்டுக் கட்டியது இங்கேதான்.

கட்டி மிதக்க வேண்டுமானால் எண்ணெயைப் பம்பு தள்ள வேண்டும். பம்புக்குக் கரண்ட் வேண்டும். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கால் மில்லியன் டாலர் சேமிப்பு

லெமெஷரரின் வரைபடத்தில் அந்தச் சாய்சட்டங்களின் இணைப்புகள் முழு ஆழ வெல்டிங். இரண்டு எஃகுத் துண்டுகளை ஒன்றாக உருக்கிச் சேர்த்தால் இணைப்பின் பலமும் சட்டத்தின் பலமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கு நேரம் அதிகம், கைத்திறன் உள்ள வெல்டர் வேண்டும், செலவும் கூட. எஃகு வேலையை எடுத்த பெத்லஹேம் ஸ்டீல், போல்ட் போட்டால் சுமார் 2,50,000 டாலர் மிச்சம் என்று சொன்னது. மொத்தக் கட்டடச் செலவு சுமார் 175 மில்லியன் டாலர். லெமெஷரரின் நியூயார்க் அலுவலகம் பார்த்துச் சரி சொன்னது.

இது திருட்டுத்தனமோ லஞ்சமோ இல்லை. இந்த மாதிரி மாற்றங்கள் ஒவ்வொரு பெரிய வேலையிலும் நூற்றுக்கணக்கில் வரும், பாதிக்கு மேல் நல்ல மாற்றங்கள்தான். போல்ட் மோசமான பொருள் என்றும் யாரும் சொல்ல முடியாது. கேள்வி ஒன்றே: எத்தனை போல்ட்? அதைத் தீர்மானிக்கப் பார்த்த கணக்குத்தான் அரைக் கணக்கு.

அன்றைய நியூயார்க் கட்டட விதி கேட்டது, காற்று முகத்துக்கு நேராக அடித்தால் என்ன ஆகும் என்பதை மட்டும். மூலையைக் குறிவைத்துச் சாய்வாக அடிக்கும் காற்றைப் பற்றி விதி கேட்கவில்லை. சாதாரணக் கட்டடத்துக்கு அது பெரிதாக இடிக்கவும் இடிக்காது. அதோடு, அந்தச் சட்டங்களைத் தூண் என்ற கணக்கில் எடுத்தால் இணைப்புக்கு அதிகப் பலம் கொடுத்தே ஆக வேண்டும், வெறும் சாய்சட்டம் என்ற கணக்கில் எடுத்தால் வேண்டாம். பாரம் சுமக்கும் விஷயத்தில் அவை தூண்கள்தான், ஆனால் காகிதத்தில் அவற்றுக்குச் சாய்சட்டம் என்று பெயர். போல்ட் எண்ணிக்கையைப் பெயர் பார்த்துத் தீர்மானித்தார்கள்.

லெமெஷரருக்கு இந்த மாற்றம் தெரிந்தது 1978 மே மாதம், கட்டடம் திறந்து ஏழு மாதம் கழித்து. அதுவும் பிட்ஸ்பர்க்கில் வேறு ஒரு வேலைக்கு இதே போன்ற வெல்டிங்கைப் பரிந்துரைத்தபோது, செலவு அதிகமாக இருக்கிறதே என்று அங்கே தயங்கினார்கள். சிட்டிகார்ப்பில் எப்படிப் போனது என்று தன் அலுவலகத்தையே கேட்டார். அங்கே வெல்டிங் இல்லை சார், போல்ட்தான் என்று பதில் வந்தது. அப்போதும் அவர் பதறவில்லை. போல்ட் என்றால் போல்ட்.

ஒரு மாணவரின் கேள்வி

அடுத்த மாதம் ஒரு பொறியியல் மாணவர் போன் செய்தார். தூணைத் தவறான இடத்தில் வைத்துவிட்டீர்கள் என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார் என்று. லெமெஷரர் எரிச்சல் படாமல் விளக்கினார், சாய்காற்றுக்கு இந்த அமைப்பு உண்மையில் நல்லது என்றும் சொன்னார். பிறகு, இதைத் தன் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கலாமே என்று கணக்கை எடுத்துத் தானே போட ஆரம்பித்தார்.

கணக்கை எளிதாகச் சொல்லிப் பார்க்கிறேன். காற்று சரியாக மூலையை நோக்கி அடித்தால் அது பக்கத்துப் பக்கத்து இரண்டு முகங்களுக்கும் பிரிந்து போகும், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 0.7 பங்கு. தூண்கள் நடுவில் இருப்பதால் இந்த இரண்டு 0.7-உம் சில சட்டங்களில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் ஆகிவிடும், மற்ற பாதிச் சட்டங்களில் ஒன்றாகக் கூடி 1.4 ஆகும். அதாவது பாதிச் சட்டங்களுக்கு வேலையே இல்லை, மீதிப் பாதிக்கு 40 சதவீதம் கூடுதல் சுமை. வெல்டிங் இருந்திருந்தால் 40 சதவீதத்தைச் சமாளிக்கலாம், பெரிய சங்கதி இல்லை.

போல்ட் போட்ட இணைப்புக்குத்தான் அது பெரிய சங்கதி. காற்று ஒரு சட்டத்தைப் பிய்க்கப் பார்க்கும்போது கட்டடத்தின் எடை அதை அமுக்கிப் பிடிக்கிறது, அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் போல்ட் தாங்க வேண்டும். உதாரணத்துக்கு, காற்றின் இழுப்பு 100, எடையின் அமுக்கு 75 என்று வையுங்கள். போல்ட்டுக்கு 25. இப்போது காற்று 40 சதவீதம் கூடி 140 ஆகிறது, எடை அதே 75. போல்ட்டுக்கு 65. காற்றுக்குக் கூடியது 40 சதவீதம், போல்ட்டுக்குக் கூடியது 160 சதவீதம்! லெமெஷரருக்குக் கிடைத்ததும் இதே 160தான். நாப்கினில் போடக்கூடிய கழித்தல் கணக்கு இது. ஆனால் இதைப் போட வேண்டும் என்று தோன்ற, சாய்காற்று, போல்ட் மாற்றம் இரண்டும் ஒரே தலைக்குள் இருந்திருக்க வேண்டும். மாற்றத்துக்குச் சரி சொன்ன மேசையில் முதலாவது இல்லை, கோபுரத்தை வடிவமைத்த மேசையில் இரண்டாவது இல்லை.

ஜூலை கடைசியில் கனடாவுக்குப் போனார், மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆலன் டேவன்போர்ட்டின் காற்றுச் சுரங்க ஆய்வகத்துக்கு. இந்தக் கோபுரத்தின் மாதிரியை ஏற்கெனவே அங்கேதான் சோதித்திருந்தார்கள். உண்மையான புயலில் கட்டடம் அதிர்வதையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகலாம் என்று தெரிந்தது. 30ஆவது மாடி இணைப்புத்தான் ரொம்பப் பலவீனம், அது போனால் எல்லாம் போகும். டேம்பர் ஓடாவிட்டால் கட்டடத்தைச் சாய்க்கும் அளவு புயல் சராசரியாக 16 ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஊருக்கு வரும். டேம்பர் ஓடினால் 55 ஆண்டுக்கு ஒன்று.

டேம்பர் ஓட கரண்ட் வேண்டும் என்றேன் அல்லவா? புயலில் முதலில் போவதே கரண்ட்தான். முந்தின ஆண்டு, 1977 ஜூலை 13 அன்று, ஒரு மின்னல் தொடங்கி வைத்த கோளாறில் நியூயார்க் நகரமே இருண்டு கிடந்தது. வயிற்றைப் புரட்டாமல் இருக்க வைத்த கருவி இப்போது கட்டடத்தின் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது, அதுவும் பிளக்கில் செருகிய நிலையில்.

ஏரிக்கரையில்

லெமெஷரருக்கு மெய்ன் மாநிலத்தில், செபேகோ ஏரியில் ஒரு சின்னத் தீவில் வீடு இருந்தது. அங்கே போய் உட்கார்ந்து மறுபடியும் கணக்குப் போட்டார். வாயை மூடிக்கொண்டிருக்கலாம், காரை ஓட்டிப் போய்ப் பாலத்தில் மோதிச் செத்துவிடலாம், இல்லை சொல்லிவிடலாம் என்று மூன்று வழியும் மனதில் ஓடியதாகப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்.

இந்த இடத்தில் பலரும் உருகுவார்கள். எனக்கும் மரியாதை உண்டு, அந்த முடிவு சுலபமானது இல்லை. வக்கீல்கள், காப்பீட்டு நிறுவனம், திவால் பயம், பெயர் போகும் அவமானம் எல்லாம் வரிசை கட்டி நின்ற நேரம். ஆனால் அவர் யாரிடம் சொன்னார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்டபின்ஸிடம், வக்கீல்களிடம், வங்கியின் தாய் நிறுவனமான சிட்டிகார்ப்பின் மூத்த அதிகாரி ஜான் ரீடிடம், தலைவர் வால்டர் ரிஸ்டனிடம், அப்புறம் நகரக் கட்டடத் துறை அதிகாரிகளிடம். உலக வர்த்தக மையக் கோபுரங்களுக்குப் பொறியாளராக இருந்த லெஸ்லி ராபர்ட்சனையும் ஆலோசகராகக் கூப்பிட்டார்கள். அந்தக் கட்டடத்தின் நிழலில் தினமும் நடந்து போனவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

ராத்திரி வெல்டிங்

வேலை ஆகஸ்டில் தொடங்கியது. 200-க்கும் மேற்பட்ட போல்ட் இணைப்புகள், ஒவ்வொன்றின் மேலும் இரண்டு அங்குலத் தடிமன் எஃகுத் தகடு வைத்து வெல்டிங். சாயங்காலம் ஊழியர்கள் போனதும் தச்சர்கள் வந்து இணைப்பைச் சுற்றிப் பிளைவுட் அறை கட்டுவார்கள், உள் சுவரைப் பிரிப்பார்கள். எட்டு மணிக்கு வெல்டர்கள் உள்ளே போவார்கள். விடியற்காலை நாலு மணிக்கு வேலை நிற்கும், பிறகு துப்புரவு. காலையில் கோட்டு டையோடு வருபவருக்கு ஒன்றும் தெரியாது, கொஞ்சம் புகை வாசனை இருந்தால் உண்டு. வேலை செய்ய வசதியான கட்டடம் என்றுதான் சொல்ல வேண்டும், அந்தச் சட்டங்கள் அலுவலக அறைகளின் சுவருக்குப் பின்னாலேயே ஓடின. ஸ்டபின்ஸ் அவற்றை மறைத்தது இந்த ரகசியத்துக்கு உதவியது.

வெளியே ஒரு பூசி மெழுகிய அறிக்கை. பொறியாளர்கள் சில இணைப்புகளைப் பலப்படுத்தச் சொன்னார்கள், ஆபத்து எதுவும் இல்லை என்று. நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஒருவருக்கு ஏதோ இடித்திருக்கிறது, லெமெஷரருக்குப் போன் செய்திருந்தார். இவர் திரும்பக் கூப்பிட்டபோது அங்கே எடுக்க ஆள் இல்லை. ஆகஸ்ட் 10 முதல் நகரத்தின் மூன்று பெரிய நாளிதழ்களும் வேலைநிறுத்தத்தில் நின்றுவிட்டன, டைம்ஸ் திரும்ப வர நவம்பர் ஆனது. அதிர்ஷ்டம் என்றால் அப்படி ஒரு அதிர்ஷ்டம். யாருக்கு அதிர்ஷ்டம் என்பது வேறு விஷயம்.

இதற்கிடையே வானிலை நிபுணர்களை அமர்த்தி நாளுக்குப் பல முறை முன்கணிப்பு வாங்கினார்கள். டேம்பருக்கு மாற்று ஜெனரேட்டர், அதைப் பார்த்துக்கொள்ளத் தொழில்நுட்ப ஆட்கள். செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து, புயல் வந்தால் கோபுரத்தையும் சுற்றி உள்ள பத்துத் தொகுதிகளையும் காலி செய்ய ஒரு திட்டம். அந்தப் பத்துத் தொகுதியில் குடியிருந்தவர்களுக்கு மட்டும் அப்படி ஒரு திட்டம் இருப்பது தெரியாது.

செப்டம்பர் முதல் தேதியே 'எல்லா' என்று பெயரிட்ட சூறாவளி அட்லாண்டிக்கில் மேலே ஏறி வந்தது. வேலை பாதிதான் முடிந்திருந்தது. நியூயார்க் பக்கம் வரலாம் என்ற பேச்சு எழுந்தபோது சம்பந்தப்பட்டவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் அந்தச் சூறாவளி கரைக்கு வராமல் கடல் பக்கமே திரும்பிப் போய்விட்டது. அதன் பிறகு வேலை நிதானமாக நடந்து முடிந்தது. 700 ஆண்டுக்கு ஒருமுறை வரும் புயலையும் இனி தாங்கும் என்றார்கள், டேம்பர் உதவி இல்லாமலே.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிட்டிகார்ப் கோர்ட்டுக்குப் போகவில்லை, லெமெஷரரின் காப்பீட்டு நிறுவனம் கொடுத்த 2 மில்லியன் டாலரை வாங்கிக்கொண்டு முடித்தது. உண்மைச் செலவு அதைவிட அதிகம். இன்னொரு வேடிக்கை, இவ்வளவு பெரிய விபத்தைத் தடுத்த ஆள் என்பதால் அவருடைய காப்பீட்டுத் தவணை ஏறவில்லை, இறங்கியது.

கதை வெளியே வந்த பிறகு

1995 மே மாதம் நியூயார்க்கர் வார இதழில் நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. அதற்குப் பிறகுதான் இதெல்லாம் பொதுவுக்கு வந்தது. லெமெஷரர் மனம் திறந்து பேசியிருந்தார். அவமானத்துக்குப் பதில் பாராட்டு மழை. வகுப்புகளில், மாநாடுகளில், தொலைக்காட்சியில் அவரே இந்தக் கதையைச் சொன்னார், நன்றாகவும் சொல்வார். 2007இல் இறந்தார்.

இனி என் சந்தேகங்கள். மேலே நான் எழுதியதில் பெரும்பங்கு, யோசித்துப் பார்த்தால், ஒரே ஒருவர் வாயிலிருந்து வந்தது. ஏரிக்கரை, மூன்று வழிகள், மாணவரின் போன், டைம்ஸ் நிருபர், எல்லாம் அவர் சொன்னவை. பொய் என்று சொல்லவில்லை, ஆனால் 17 ஆண்டு ஒரு கதையை மனதுக்குள் வைத்திருப்பவருக்கு அது தானாகவே உருண்டு திரண்டு நல்ல வடிவத்துக்கு வந்துவிடும்.

மாணவர் விஷயத்தையே எடுங்கள். நியூஜெர்சியில் படிக்கும் ஒரு பையன் என்றுதான் அவர் நினைவில் இருந்தது, பெயரைக் குறித்துக்கொள்ளவில்லை. பிற்பாடு ஒரு பெண்மணி தொலைக்காட்சியில் இந்தக் கதையைப் பார்த்து அசந்து போனார். 1978இல் பிரின்ஸ்டனில் இந்தக் கோபுரத்தைப் பற்றியே இளநிலை ஆய்வேடு எழுதியவர் அவர், அதற்காக லெமெஷரரின் அலுவலகத்தோடு பேசியவர், சாய்காற்றில் அழுத்தம் கூடுகிறதே என்று கேட்டவர். அவர் பேசியது லெமெஷரரோடு இல்லை, அலுவலகத்தில் வேறு ஒரு பொறியாளரோடு, கட்டடம் உறுதியாகத்தான் இருக்கிறது என்று பதிலும் கிடைத்தது. பிறகு, அந்தப் பையன் நான்தான் என்று இன்னொருவரும் முன்வந்தார், அவரும் நியூஜெர்சியில் படித்தவர்தான். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டிருக்கலாம். எனக்கு அதுதான் சுவாரசியம். வெளியே இருந்து பார்த்த மாணவர்களுக்கு உறுத்தியது, உள்ளே கையெழுத்துப் போட்டவர்களுக்கு உறுத்தவில்லை.

நெறிமுறை பற்றியும் விமர்சனங்கள் வந்தன. ஆபத்தைச் சொன்னார் சரி, ஆபத்து இல்லை என்று பொய் சொன்ன அறிக்கைக்கு அவரும் உடந்தைதானே என்று கேட்டார்கள். 17 ஆண்டு மறைத்ததால் சாய்காற்று, இணைப்பு மாற்றம் பற்றிய பாடம் மற்ற பொறியாளர்களுக்குக் கிடைக்காமல் போனதே என்றும் கேட்டார்கள். இரண்டாவது கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. முதலாவதற்கு, பீதி கிளம்பினால் நெரிசலில் ஆள் சாகலாம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் தான் நிற்கும் தெருவில் நிற்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை அங்கே நிற்பவருக்கு இல்லையா?

இதெல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது வேறு. அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்டின் ஆய்வாளர்கள் சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கோபுரத்தை இன்றைய காற்றுச் சுரங்கத் தரவுகளையும் கணினிக் கணக்கையும் வைத்து மறுபடி ஆராய்ந்தார்கள். சாய்காற்று இந்த வடிவத்துக்கு, நேர்காற்றைவிட அவ்வளவு மோசம் இல்லை என்று விடை வந்தது. காரணம் புரியக்கூடியதுதான். சதுரக் கோபுரத்தை மூலை நோக்கித் தாக்கும் காற்று, முகத்தில் நேராக மோதுவது போல முழுப் பலத்தோடு தள்ளாது, விளிம்பில் பிளந்து வழுக்கி ஓடிவிடும். நேர்காற்றின் அதே மொத்தத் தள்ளல் சாய்காற்றிலும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டால்தான் அந்த 0.7-உம் 0.7-உம் கூடி 1.4 ஆகும். அப்படியானால் 40 சதவீதம் என்ற கதையின் அச்சாணியே கொஞ்சம் கழன்றுவிடுகிறது, அந்த 160-உம் அதோடு சேர்ந்து.

இதை வைத்து 1978இல் எல்லோரும் வீணாகப் பதறினார்கள் என்று சொல்வது நியாயம் இல்லை. அன்றைக்குக் கையில் இருந்த கருவிகளுக்கு அந்தப் பயம் நேர்மையான பயம். இன்றைய தரவு அன்று கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கட்டடம் உறுதி என்று 1977இல் எல்லோரும் நம்பியது ஒரு கணக்கை வைத்து, விழும் என்று 1978இல் நம்பியதும் ஒரு கணக்கை வைத்து, இப்போது அப்படி ஒன்றும் இல்லை என்பதும் ஒரு கணக்குத்தான். கட்டடம் மட்டும் மூன்று முறையும் ஒரே மாதிரி நின்றுகொண்டிருந்தது.

இப்போது

சிட்டிகார்ப் என்ற பெயர் போய்விட்டது, முகவரியே பெயராகி 601 லெக்சிங்டன் அவென்யூ என்கிறார்கள். 2001இல் பாஸ்டன் பிராப்பர்ட்டீஸ் நிறுவனம் வாங்கியது. இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு, தெருவோரம் நிற்கும் தூணில் யாராவது குண்டு வைத்தால் என்ன செய்வது என்ற பயத்தில் அதற்கும் கவசம் போட்டார்கள். மூலையில் இல்லாமல் நடுவில் நிற்கும் தூண் என்றால் கவலையும் புதுசு புதுசாக வரும் போலிருக்கிறது. 2016 டிசம்பரில் நகரம் இதைப் பாதுகாக்க வேண்டிய சின்னமாக அறிவித்தது. சூரிய ஒளித் தகடு வைக்கலாம் என்று ஒரு காலத்தில் பேசிய அந்தச் சாய்ந்த உச்சி, தகடு எதுவும் வைக்காமலே ஊரின் அடையாளமாகிவிட்டது. புது செயின்ட் பீட்டர்ஸ் சர்ச் அதே மூலையில், கோபுரத்தின் அடிவயிற்றுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. உள்ளே சிற்பி லூயிஸ் நெவல்சன் வடிவமைத்த வெள்ளை வெளேரென்ற சிறு ஜெபக்கூடம், ஜாஸ் இசை வழிபாடு எல்லாம் உண்டு. கோபுரத்தின் தூண் எதுவும் அதற்குள் இறங்கவில்லை.

1978இல் ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டிய அந்த இரண்டு அங்குலத் தகடுகள் சுவர்களுக்குப் பின்னால் அப்படியே இருக்கின்றன. தேவைப்பட்டதா இல்லையா என்று நிபுணர்கள் பேசிக்கொண்டிருக்கலாம், அவற்றைக் கழற்றும் பேச்சுக்கே இடமில்லை. போல்ட் என்றால் கழற்றலாம், இது வெல்டிங். முதல் வரைபடத்தில் லெமெஷரர் கேட்டிருந்ததும் அதைத்தான்.